எனக்கப்புறம் யார் பார்ப்பார்கள்?

விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் மணவாளநல்லூரில் இருக்கிறது கொளஞ்சியப்பர் கோயில். முருகனிடம் வழக்குத் தொடுக்கும் கோயில் அது. மனக்குறையை ஒரு தாளில் எழுதுவார்கள். சொந்த ஊரிலிருந்து கோயில் எத்தனை கிலோமீட்டர் என்று கணக்கிட்டு அதற்குரிய கட்டணம் செலுத்துவார்கள். தாளைச் சன்னதியில் வைத்து எடுத்து, முனியப்பர் முன்னால் நிற்கும் வேலில் கட்டிவிட்டுப் போவார்கள். பிராது கட்டுவது என்று இதற்குப் பெயர். மூன்று நாளிலோ, மூன்று வாரத்திலோ, மூன்று மாதத்திலோ தீர்ப்பு வந்துவிடும் என்பது நம்பிக்கை. காரியம் முடிந்ததும் திரும்ப வந்து ‘ராஜினாமா’ கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ள வேண்டும். களவு போன நகை, திரும்பி வராத கடன், பங்காளித் தகராறு, பிள்ளைப்பேறு, தீராத நோய் என எல்லாமே அங்கே வழக்காகும்.

ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோய்க்கு மட்டும் மூன்று மாதத்தில் ராஜினாமா கொடுத்துவிட முடியாது. பெரும்பாலும் இளமையில், படிப்பு முடியும் வயதிலோ கல்யாணப் பேச்சு தொடங்கும் வயதிலோ வரும் நோய் இது. காதில் யாரோ பேசுவதுபோலக் கேட்கும். பக்கத்து வீட்டார் சதி செய்கிறார்கள் என்று உறுதியாகத் தோன்றும். குளிக்க, பேச, எழுந்து நடக்கக்கூட மனம் வராது. சிலருக்கு ஒருமுறை வந்து போய்விடும். பலருக்கு விட்டுவிட்டு வரும். இன்னும் சிலரோடு ஆயுள் முழுவதும் தங்கிவிடும். இருதுருவ மனநிலைக் கோளாறும், மனமருட்சி கலந்த கடும் மனச்சோர்வும் இதே வரிசையில் வருபவை. மருந்தால் அறிகுறிகளை வெகுவாக அடக்க முடியும். ஆனால் அந்த மருந்தை நாள்தோறும் யார் கையில் எடுத்துக் கொடுப்பது என்ற கேள்விக்கு மருத்துவப் புத்தகத்தில் பதில் இல்லை.

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தவர்களில் 0.8 சதவீதம் பேர் தீவிர மனநோயுடன் வாழ்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. இந்த நாட்டளவு விகிதத்தை எழுபதாயிரத்துக்கும் மேல் மக்கள் வாழும் விருத்தாசலம் நகரத்துக்குப் பொருத்திப் பார்த்தால் சுமார் 400 பேர் என்று வருகிறது. இது உத்தேசக் கணக்குதான். சுற்றியுள்ள கிராமங்கள் இதில் சேரவில்லை. ஆனாலும் இத்தனை பேர் இந்த ஊர்த் தெருக்களில் கண்ணில் படுவதில்லை. வீட்டுக்குள் இருக்கிறார்கள். அவர்களோடு ஒரு பெண்ணும் வீட்டுக்குள் இருக்கிறார்.

அந்தப் பெண் பெரும்பாலும் அம்மா. சில வீடுகளில் அக்கா, சில வீடுகளில் மனைவி. அவருடைய ஒரு நாளை நிதானமாகப் பார்க்க வேண்டும். காலையில் மகனுக்கு இட்லி வைத்த கையோடு மாத்திரையும் எடுத்துக் கொடுக்கிறார். விழுங்கினானா, நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டானா என்று பார்க்கிறார். மாத்திரையால் கை நடுங்குகிறது, வாயில் எச்சில் வழிகிறது, உடம்பு பெருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். மகன் மாத்திரை வேண்டாம் என்னும்போது அதில் நியாயம் இருப்பதையும் அறிந்தவர் அவர். வேலைக்குக் கிளம்பும்போது கதவைப் பூட்டுவதா, திறந்து வைப்பதா என்று வாசலில் நிற்கிறார். மாதத்தில் ஒரு நாள் ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நிற்க வேண்டும்; அன்றைக்குக் கூலி போய்விடும். மாதாந்திர ஊசியின் தேதி தப்பினால் சில வாரங்களில் தூக்கம் கெடும், பிறகு சத்தம் கேட்கத் தொடங்கும், அதன்பின் தெருவே திரண்டு வந்து புகார் சொல்லும். இத்தனைக்கும் நடுவில் அவர் மனதில் ஓடுவது ஒன்றுதான்: எனக்கப்புறம் இவனை யார் பாத்துப்பாங்க?

மனநோயாளிகளைச் சமூகம் அரவணைக்க வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறோம், எழுதுகிறோம். நடைமுறையில் அந்தச் சமூகம் என்பது இந்த ஒரு பெண்ணாகச் சுருங்கியிருக்கிறது. ‘நம் நாட்டில் குடும்பம் பார்த்துக்கொள்ளும்’ என்ற பெருமிதத்தின் முழுக் கனமும் அவர் தலையில்தான் இருக்கிறது.

இந்தப் பெருமிதத்துக்கு ஆராய்ச்சிப் பின்புலமும் உண்டு. 1960களின் இறுதியில் உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் மனச்சிதைவு நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தது. ஆக்ரா அதில் ஒரு மையம். 1970களின் இறுதியில் தொடங்கிய அடுத்த ஆய்வில் சண்டிகரும் சேர்ந்தது. பணக்கார நாடுகளைவிட வளரும் நாடுகளில் நோயாளிகள் நன்றாகத் தேறுகிறார்கள் என்று இரண்டு ஆய்வுகளும் கூறின. கூட்டுக் குடும்பமும் விவசாய வேலையும் சகிப்புத்தன்மையும்தான் காரணம் என்று பலர் விளக்கம் சொன்னார்கள். அது கல்வெட்டுபோல நிலைத்துவிட்டது. 2008இல் மனச்சிதைவு ஆய்வு அமைப்பான சென்னை ஸ்கார்ஃபின் ஆர். தாரா உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் இந்த முடிவையே கேள்விக்கு உட்படுத்தினார்கள். வளரும் நாடுகளுக்குள்ளேயே இடத்துக்கு இடம் நிலைமை பெரிதும் மாறுகிறது, மரணங்களும் கைவிடப்படுதலும் சரியாகக் கணக்கில் வரவில்லை, சிகிச்சையே காணாதவர்களின் கதி இருண்டது என்பது அவர்களுடைய வாதம்.

தாராவுக்கு இதைச் சொல்லும் தகுதி கள அனுபவத்தால் வந்தது. 1984இல் டாக்டர் எம். சாரதா மேனன் தொடங்கிய அமைப்பு ஸ்கார்ஃப். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான அவர் 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். 1980களின் தொடக்கத்தில் சென்னையில் முதன்முறையாக நோய் கண்ட 90 பேரைத் தாரா உள்ளிட்ட ஆய்வாளர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பின்தொடர்ந்தார்கள். பத்தாண்டு முடிவில் பெரும்பாலோர் அறிகுறிகள் தணிந்து வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஆண்களில் கணிசமானோர் ஏதோ ஒரு வேலைக்குப் போனார்கள். அந்தச் செய்தி உண்மையானது, நம்பிக்கை தருவது.

அதே குழுவினர் செய்த இன்னொரு ஆய்வு இதற்கு நேர்மாறான பக்கத்தைக் காட்டியது. மனச்சிதைவு வந்ததால் கணவரைப் பிரிந்து வாழும் பெண்களை அவர்கள் சந்தித்தார்கள். பெரும்பாலோர் வயதான பெற்றோரின் பராமரிப்பில் இருந்தார்கள். சட்டப்படி விவாகரத்து ஆனவர்கள் குறைவு. ஜீவனாம்சம் பெற்றவர்கள் அதைவிடக் குறைவு. திரும்ப அழைத்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில் தாலியைக் கழற்றாதவர்களும் இருந்தார்கள். ஆணுக்கு நோய் வந்தால் மனைவி பார்த்துக்கொள்கிறாள். பெண்ணுக்கு வந்தால் பிறந்த வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இந்தக் கணக்கைச் சேர்க்காமல் இந்தியக் குடும்பத்தைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

கோயில்களுக்கு வருகிறேன். மனநல மருத்துவம் பேசுபவர்கள் பலரும் கோயிலையும் தர்காவையும் மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவார்கள். அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாத ஆதாரம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற கிராமத்தில் முத்துசாமி கோயில் உள்ளது. கடும் மனநோய் கண்டவர்களைக் குடும்பத்தார் அங்கே அழைத்து வந்து தங்குவது வழக்கம். 2000ஆம் ஆண்டில் ஆர். ரகுராமும் உடன் ஆய்வாளர்களும் அப்படித் தங்கிய 31 பேரின் அறிகுறிகளை, வந்தபோதும் கிளம்பும்போதும் மருத்துவ அளவுகோலால் அளந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு மனச்சிதைவு. சராசரியாக ஆறு வாரத் தங்கல். மருந்து கிடையாது, காலையில் சிறிய பூசை, மற்ற நேரத்தில் கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது போன்ற வேலைகள். அறிகுறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதை வெளியிட்டது.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அந்த ஆய்வில் இல்லை, வீடு திரும்பிய பிறகு என்ன ஆனது என்ற தகவலும் அதில் இல்லை. ஆகவே கோயில் நோயைக் குணமாக்கும் என்று அதை வைத்துச் சொல்லிவிடக் கூடாது. ஆனால் அங்கே என்ன நடந்தது என்று உற்றுப் பார்க்கலாம். நோயாளி கூடவே குடும்பமும் இருந்தது. யாரும் கேலி செய்யவில்லை. காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் இருந்தது. கையில் ஒரு சிறு வேலை இருந்தது. அம்மாவுக்குப் பேச அதே கஷ்டம் தெரிந்த இன்னொரு அம்மா பக்கத்துத் திண்ணையில் இருந்தார். தெய்வத்தின் பங்கை அளக்கும் கருவி என்னிடம் இல்லை; இந்த ஐந்தையும் எந்த ஊராலும் செய்ய முடியும்.

ஏர்வாடி தர்காவைச் சுற்றி இவற்றில் எதுவும் இல்லாமல் கட்டடமும் சங்கிலியும் மட்டும் இருந்தன. தர்காவை நம்பி வந்தவர்களைத் தனியார் காப்பகங்கள் காசு வாங்கிக்கொண்டு சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தன. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் ஒரு காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது, காப்பகங்கள் மூடப்பட்டன. பின்னர் தர்காவுக்குப் பக்கத்திலேயே அரசு மனநல மருத்துவம் கிடைக்க ஏற்பாடானது. குஜராத்தில் பிறந்த ‘தவாவும் துவாவும்’ என்ற முறை, அதாவது மருந்தும் பிரார்த்தனையும் ஒரே வளாகத்தில் கிடைக்கும் முறை, ஏர்வாடிக்கும் வந்தது. திருச்சி அருகே குணசீலத்தில் 48 நாள் தங்கும் நேர்த்திக்காகப் பெயர்பெற்ற பெருமாள் கோயிலையொட்டி உரிமம் பெற்ற மனநல மறுவாழ்வு மையம் இயங்குகிறது. பூசாரியும் மருத்துவரும் ஒருவரை ஒருவர் விரட்ட வேண்டிய அவசியம் இல்லை என்பதற்கு இவை சாட்சி. பிராது கட்ட வரும் குடும்பத்திடம் ‘ஆஸ்பத்திரி சீட்டும் வாங்கிட்டு வாங்க’ என்று கோயில் வாசலில் ஒருவர் சொன்னால், வருடக்கணக்காகச் சிகிச்சை காணாத ஒருவர் அந்த மாதமே ஓ.பி. வரிசைக்கு வந்துவிடலாம்.

குடும்பத்தைச் சிகிச்சையின் எதிரியாகப் பார்த்த காலத்தில் அதை மருத்துவமனைக்குள் அழைத்து வந்ததும் இந்திய மருத்துவர்கள்தான். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் வளாகத்தில் கூடாரங்கள் அடித்து உறவினர்களை நோயாளிகளுடன் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையமும் உறவினர் உடன் தங்கும் முறையைக் கைக்கொண்டது. சங்கிலியும் பூட்டும் குறைந்தன. நோயைப் பற்றிக் குடும்பம் கற்றுக்கொண்டது. ஆனால் வீட்டுக்குத் திரும்பிய பின்பு அந்தக் குடும்பத்தின் தோளில் கை வைக்க யாரும் பின்தொடர்ந்து போகவில்லை. அந்த இடைவெளியைத்தான் பிற்காலத்து முயற்சிகள் நிரப்பப் பார்த்தன.

அவற்றில் என் மதிப்பில் முக்கியமானது காஞ்சிபுரம் மாவட்டத்திலும் கோவாவிலும் மகாராஷ்டிரத்தின் சாத்தாராவிலும் 282 பேரை வைத்து நடந்த ஆய்வு. 2014இல் லான்செட் இதழில் வந்தது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு அதோடு கூடுதலாக, பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் வீட்டுக்கே போய்வந்தார்கள். அவர்கள் மருத்துவப் படிப்புப் படித்தவர்கள் அல்லர். மாத்திரை ஏன் நின்றது என்று கேட்டார்கள். குளியல், சாப்பாடு, தூக்கம் பற்றிப் பேசினார்கள். உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுத உதவினார்கள். வேலை தேடினார்கள். குடும்பத்தை மற்றக் குடும்பங்களோடு சேர்த்துவைத்தார்கள். பன்னிரண்டு மாதத்துக்குப் பிறகு அறிகுறிகளும் முடக்கமும் இந்தப் பிரிவினரிடம் கூடுதலாகக் குறைந்திருந்தன. வித்தியாசம் பிரமாதமானதல்ல, ஓரளவுதான். கவனிக்க வேண்டியது என்னவென்றால், மூன்று இடங்களில் தமிழ்நாட்டில்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. மருத்துவச் சேவை ஏற்கெனவே செறிந்திருக்கும் இடத்தைவிட அது எட்டாத கிராமத்தில் வாசல்படி ஏறி வரும் ஒரு மனிதர் அதிகம் சாதிக்கிறார் என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

அந்தப் பணியாளர்கள் வேலையும் தேடினார்கள் என்றேன். விருத்தாசலத்தில் வேலை என்றதும் நினைவுக்கு வருவது பீங்கான். நெய்வேலிச் சுரங்கத்தைச் சுற்றிக் கிடைக்கும் வெண்களிமண்ணுக்கு அருகில் இருப்பதால் விருத்தாசலம் பீங்கான் ஊரானது. தொழிற்பேட்டை வந்தது, பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே அரசுக் கல்வி நிலையம் வந்தது. பொம்மை, அகல்விளக்கு, மின்சாரப் பியூஸ் கட்டை, கழிப்பறைச் சாமான் எனச் சிறு கூடங்களில் தயாராகின்றன. பெரிய ஆலை வேலை போலச் சங்கு ஊதியதும் எல்லோரும் ஒரே வேகத்தில் ஓட வேண்டிய தொழிலாக இது இல்லை. கூழ்போலக் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, சுவர்போல ஒரு படலம் உள்ளே கட்டுகிறது. மிச்சக் கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, சற்றுப் பொறுத்து அச்சைப் பிரித்தால் ஈரப் பொம்மை. இரு பாதியும் சேர்ந்த இடத்தில் பிசிறு நிற்கும். அதைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் வழவழப்பாக்க வேண்டும். பிறகு உலர்த்தல், சுடுதல், வண்ணம், மெருகு, மறுபடி சூளை. பல வேலைகளுக்கு எண்ணிக்கைக் கணக்கில்தான் கூலி.

மனநோயிலிருந்து தேறிவரும் ஒருவருக்கு இப்படிப்பட்ட வேலை ஒரு வாய்ப்பு. அதற்கு வேலையை அறிந்த கண்ணும் நோயை அறிந்த கண்ணும் சேர்ந்து பார்க்க வேண்டும். மாத்திரையால் கை நடுங்குபவருக்குப் பொம்மையின் கண் வரைவது சிரமம். ஈரப் பஞ்சு வேலை முடியும். காலை மாத்திரையின் மயக்கம் பத்து மணி வரை விடாது. அவர் பதினொரு மணிக்கு வந்து மூன்று மணிக்குப் போகலாம், எண்ணிக்கைக் கூலியில் யாருக்கும் நஷ்டமில்லை. சூளைப் பக்கம் மட்டும் அவரை நிறுத்தக் கூடாது. இருதுருவ நோய்க்கு லித்தியம் சாப்பிடுபவருக்கு வியர்த்து உடம்பில் நீர் வற்றினால் இரத்தத்தில் மருந்தின் அளவு நச்சாகும் வரை ஏறிவிடும். மனச்சிதைவு மருந்துகள் சிலவும் உடல் வெப்பத்தைத் தணிக்கும் திறனைக் குறைப்பவை. கடலூர் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் சூளை வாயில் நிற்பது அவர்களுக்கு உயிராபத்து. இதை மருத்துவர் கூடக்காரரிடம் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும்.

அமெரிக்காவில் 1990களில் உருவான ஒரு முறை இன்று பல நாடுகளில் சோதித்து உறுதிசெய்யப்பட்டிருக்கிறது. நீண்ட காலம் தனியாகப் பயிற்சி கொடுத்து ‘தயாரான’ பிறகு வேலை தேடுவதைவிட, முதலிலேயே உண்மையான வேலையில் சேர்த்து, பின்னர் பக்கத்தில் ஒருவர் நின்று பழக்கினால் அதிகம் பேர் வேலையில் நிலைக்கிறார்கள். நம் மறுவாழ்வு மையங்கள் பலவற்றில் மெழுகுவத்தியும் காகிதப் பையும் செய்யக் கற்றுக்கொடுத்துவிட்டு, சந்தையில் அவற்றை வாங்க ஆளில்லாமல் தவிக்கிறார்கள். தொழில் ஏற்கெனவே நடக்கிற ஊரில், நடக்கிற கூடத்திலேயே ஓர் இருக்கை கேட்பதுதான் நேர்வழி. கூலியும் மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே கூலியாக இருக்க வேண்டும். இரக்கப்பட்டு டீ மட்டும் வாங்கிக் கொடுக்கும் முதலாளி உதவி செய்யவில்லை, உழைப்பை எடுத்துக்கொள்கிறார்.

வீடு இருப்பவர்களைப் பற்றித்தான் இதுவரை சொன்னேன். விருத்தாசலம் ஒரு ரயில் சந்திப்பு. விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என நான்கு திசைக்கும் தண்டவாளம் பிரியும் இடம். காசியைவிட வீசம் கூடுதல் என்று போற்றப்படும் விருத்தகிரீசுவரர் கோயிலும் இங்கே இருக்கிறது. சந்திப்பு நிலையங்களும் கோயில் வாசல்களும் வழி தவறியவர்கள் வந்து சேரும் இடங்கள். மொழி புரியாத, சடை பிடித்த தலையோடு நடைமேடையில் படுத்திருக்கும் ஒருவரைப் பற்றிச் சட்டம் தெளிவாகப் பேசுகிறது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவின்படி, காவல் நிலைய அதிகாரி அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். லாக்கப்பில் அடைக்கக் கூடாது. 95ஆம் பிரிவு எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது.

தெருவிலிருந்து அழைத்துப் போவது எளிது. எங்கே கொண்டுபோய் விடுவது என்பதில்தான் தவறு நடக்கிறது. விருத்தாசலத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரில் அன்பு ஜோதி என்ற ஆசிரமம் பல ஆண்டுகள் நடந்தது. 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் உள்ளே போனபோது உரிய உரிமம் இல்லாமல் 140க்கும் மேற்பட்டோர் அங்கே வைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. கொடுமைப்படுத்தியதாகவும், சேர்க்கப்பட்டவர்கள் காணாமல் போனதாகவும் எழுந்த புகார்களால் வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாறியது. ஏர்வாடிக்கு 21 ஆண்டுகளுக்கும் மேல் கழித்து இது நடந்தது. தெருவில் திரிந்தவர் கண்ணில் படாமல் போனால் போதும் என்று ஊர் நினைக்கும்வரை இத்தகைய இடங்களுக்கு ஆள் வந்துகொண்டே இருக்கும்.

வேறு வழி இருப்பதைச் சென்னையிலேயே காட்டியிருக்கிறார்கள். 1993இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் தொடங்கிய பேன்யன், தெருவில் கிடந்த மனநோயுற்ற பெண்களுக்கு அடைக்கலம் தந்தது. பலர் தேறி வீடு திரும்பினார்கள். திரும்ப வீடே இல்லாதவர்கள் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிப்போனார்கள். 2015இல் அமைப்பு ஒரு புதிய காரியம் செய்தது. சாதாரணத் தெருக்களில் சாதாரண வீடுகளை வாடகைக்குப் பிடித்து, நான்கைந்து பேராகக் குடிவைத்தது. உடன் ஓர் உதவியாளர் இருப்பார்; அவரும் பெரும்பாலும் உள்ளூர்ப் பெண். என்ன சமைப்பது, எப்போது தூங்குவது, கடைக்கு யார் போவது என்பதை வீட்டில் இருப்பவர்களே முடிவு செய்வார்கள். ‘ஹோம் அகெய்ன்’ என்ற இந்தத் திட்டத்தை 2021இல் உலக சுகாதார நிறுவனம் சமூக மனநலச் சேவைக்கான நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாகத் தன் வழிகாட்டி நூலில் சேர்த்தது. பத்தாண்டு, இருபதாண்டு விடுதியில் தட்டு நீட்டிச் சோறு வாங்கிய ஒருவர் தன் சாம்பாருக்குப் புளி எவ்வளவு என்று தானே தீர்மானிப்பதைச் சிறிய விஷயமாக நான் நினைக்கவில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவும் இதையே உரிமையாகச் சொல்கிறது: குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மருத்துவ நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது.

பெல்ஜியத்தில் கீல் என்ற சிற்றூர் உண்டு. அங்குள்ள புனித திம்ப்னா ஆலயத்தைத் தேடி மனநோயுற்றவர்கள் வருவது இடைக்காலத்திலேயே தொடங்கிவிட்டது. ஆலயத்தில் இடம் போதாமல் ஊர்க் குடும்பங்கள் அவர்களைத் தங்கள் வீடுகளில் தங்கவைத்தன. அந்த வழக்கம் எழுநூறு ஆண்டுகளாக விடவில்லை. 1930களின் இறுதியில் 3,700க்கும் மேற்பட்டோர் இப்படி வாழ்ந்தார்கள். இப்போது எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. கீலின் கருணையைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. குறைவாகப் பேசப்படுவது அதன் நிர்வாகம். குடும்பங்களுக்கு அரசு பணம் கொடுக்கிறது, மனநல மருத்துவமனை பின்னால் நிற்கிறது, நிலைமை முற்றினால் நோயாளியை எடுத்துக்கொள்ளப் படுக்கை தயாராக இருக்கிறது. மனிதர்களின் நல்ல குணம் தலைமுறை தலைமுறையாக நிலைத்ததற்கு இவையும் காரணம். நம் ஊரில் நல்ல குணத்துக்குக் குறைவில்லை. சோறு போடுகிற டீக்கடைக்காரர், வழி தவறினால் கூட்டி வந்து விடுகிற ஆட்டோக்காரர் என்று எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் யாரும் நிற்பதில்லை என்பதுதான் குறை.

நிற்க வைக்கக்கூடிய ஆட்கள் தமிழ்நாட்டில் ஏற்கெனவே சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள். மாவட்ட மனநலத் திட்டம் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது; 1996இல் நாட்டில் அது தொடங்கியபோது முதல் நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுய உதவிக் குழுப் பெண்கள் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது ஆண்டுகள் முன்பே இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இருதய நோயும் சர்க்கரையும் அதற்குப் பெரும் காரணங்கள், மனநோய் மருந்துகளே சிலருக்குச் சர்க்கரையைக் கொண்டுவருகின்றன. ஆக அந்தத் தன்னார்வலர் ஏற வேண்டிய வாசல்படி ஒன்றேதான். ஊசி நாள் தப்பியதா, தூக்கம் கெட்டதா, சாப்பாடு குறைந்ததா என்ற மூன்று கேள்விகளை அவர் கூடுதலாகக் கேட்டால் போதும். அதற்குப் பயிற்சி வேண்டும், ஊக்கத்தொகையில் அந்த வேலைக்கும் பங்கு வேண்டும், ‘ஆமாம்’ என்ற பதில் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்ற தொலைபேசி எண் வேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸின் 14416 எண்ணில் பேச ஆள் கிடைக்கும். மருந்தோ, வாரா வாரம் வீட்டுக்கு வரும் ஆளோ அந்த எண்ணில் கிடைக்காது. மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்க வேண்டும். அறுபது கிலோமீட்டர் தள்ளிக் கடலூருக்குப் போ என்றால் அம்மா இரண்டு முறை போவார், மூன்றாவது முறை போக மாட்டார்.

அம்மாவின் கேள்விக்கு அவர் இருக்கும்போதே பதில் தேடத் தொடங்க வேண்டும். மாற்றுத்திறனாளி உரிமைச் சட்டம் 2016 மனநோயையும் ஊனமாக ஏற்கிறது; 40 சதவீதமோ அதற்கு மேலோ முடக்கம் இருந்தால் சலுகைகளுக்குத் தகுதி உண்டு. மனநோயின் முடக்கம் ஏறி இறங்கும் என்பதால், தெளிவாக இருக்கும் நாளில் முகாமுக்குப் போனால் ‘நல்லாத்தானே இருக்கார்’ என்று திருப்பி அனுப்புவார்கள். பழைய ஓ.பி. சீட்டுகள் அத்தனையையும் கையில் கொண்டுபோக வேண்டும். மனநலச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, நோயுற்றவர் தனக்காக முடிவெடுக்கத் துணைநிற்கும் ஒருவரை வெறும் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து நியமிக்கலாம். அது அம்மாவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. அம்மாவைவிட இருபது வயது இளையவராக இருப்பது நல்லது. பெற்றோருக்குப் பின் அண்ணன் தம்பிகள் வீட்டைவிட்டு வெளியேற்றப் பார்த்தால், குடும்ப வீட்டில் வாழும் உரிமைக்காகச் சட்ட உதவி தர வேண்டிய கடமை அரசுக்கு உண்டு என்று 19ஆம் பிரிவு சொல்கிறது.

தாள்களைவிடக் கடினமானது பழக்கத்தை மாற்றுவது. இருபது வருடம் ஒரே கையிலிருந்து மாத்திரை வாங்கியவர் இன்னொரு கையை உடனே ஏற்க மாட்டார். அதனால் வாரத்தில் ஒரு நாளில் தொடங்கலாம். செவ்வாய்க்கிழமை சித்தி கொடுக்கட்டும், பிறகு வியாழக்கிழமை எதிர்வீட்டு அக்கா. ஊசிக்கு மாதம் விட்டு மாதம் தம்பி கூட்டிப்போகட்டும். அம்மா அன்றைக்கு வேலைக்குப் போகலாம், அல்லது வெறுமனே தூங்கலாம்.